ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்களா?

இரவில் சாலையைக் கடக்க நிற்பவருக்கு, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு வெகு தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். அவ்வளவு வெளிச்சம் நம்மை நோக்கி வரும்போது, ‘ஓட்டுநரும் நம்மைப் பார்த்திருப்பார்’ என்று மனம் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. இந்த முடிவு பல நேரங்களில் தவறானது. ஓட்டுநருக்குத் தாங்கள் எவ்வளவு தொலைவில் தெரிவோம் என்று பாதசாரிகள் நம்புவதற்கும், உண்மையில் தெரியும் தொலைவுக்கும் பெரிய இடைவெளி உண்டு என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன.

இந்த இதழின் வாசகர்களுக்கு இது அன்றாடச் செய்தி. மாலை நேரப் புறநோயாளர் பிரிவில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. மருந்துக் கடைக்கோ, உணவகத்துக்கோ, பேருந்து நிறுத்தத்துக்கோ போகச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடப்பவர் கண்ணில் சொட்டு மருந்து விடப்பட்டவராக இருக்கலாம். ஊன்றுகோல் பிடித்து நடப்பவராக இருக்கலாம். நோயாளியின் அருகில் இரண்டு இரவுகள் கண்விழித்த உறவினராகவும் இருக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலைகளில் உயிரிழந்த பாதசாரிகள் 32,825 பேர். அவ்வாண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இருளில் ஒரு மனிதர் ஓட்டுநரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார், அவர் தெரியும்படி விளக்குகளை எப்படி அமைக்கலாம், அத்தகைய விளக்கு இல்லாத சாலையில் நோயாளிகளும் உடன் வருவோரும் என்ன செய்யலாம் என்பதை ஒரு கண் மருத்துவர் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன்.

ஓட்டுநரின் கண் எதைப் பார்க்கிறது?

கண் ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துத்தான் அறிகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து தெரிவதும், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து தெரிவதும் இந்த வேறுபாட்டால்தான். கறுத்த தார்ச் சாலையில், கரும்பச்சைப் புடவை உடுத்திய ஒரு பெண்மணியோ, அடர்நீலச் சட்டை அணிந்த ஒரு பெரியவரோ நடக்கும்போது, உடையும் பின்னணியும் ஒரே அளவு இருண்டிருக்கின்றன. அங்கே ஒருவர் இருந்தும் ஓட்டுநரின் விழித்திரையில் பதியும் உருவம் மிக மங்கலாகவே அமைகிறது.

இதில் தொலைவின் கணக்கு முக்கியமானது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 25 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். மழையில் நனைந்த சாலையில் இது 60 மீட்டரை எட்டலாம். முகப்பு விளக்கு தாழ்ந்த ஒளியில் எரியும்போது, இருண்ட உடை அணிந்தவர் பல வேளைகளில் இதைவிடக் குறைந்த தொலைவில்தான் ஓட்டுநருக்குத் தெரிகிறார். கண்ணில் பட்ட அந்தக் கணத்திலேயே பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்பதற்கு இடம் போதாது.

எதிரெதிரே இரண்டு வண்டிகள் உயர்ந்த ஒளியுடன் வரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. கண்ணுக்குள் நுழையும் கூசொளி சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு வெண்திரைபோல் படர்கிறது. சாலையின் நடுவே காத்து நிற்பவர் அந்தத் திரைக்குள் மறைந்துபோகிறார். வண்டிகள் ஒன்றையொன்று கடந்த பிறகும் ஓட்டுநரின் கண் பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். வயது கூடக் கூட இந்த நேரமும் கூடும். இருட்டில் கண்மணி விரியும் அளவு வயதோடு குறைகிறது. கண்ணின் வில்லையும் மஞ்சளித்து மங்குகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணைச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நம் சாலைகளில் வண்டி ஓட்டுபவர்களில் இத்தகைய கண்களை உடையவர்களும் பலர்.

விளக்குக் கம்பம் எங்கே நிற்கவேண்டும்?

பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒரு தெருவிளக்கு இருந்தால் போதும் என்று பொதுவாக நினைக்கிறோம். அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. விளக்கு, கடப்பவரின் தலைக்கு நேர் மேலே இருந்தால் தலையும் தோளும் மட்டும் ஒளிபெறும். ஓட்டுநரை நோக்கியுள்ள உடல்பகுதி நிழலில் கிடக்கும். விளக்கு கடக்கும் இடத்தைத் தாண்டி அப்பால் இருந்தால், ஓட்டுநருக்கு ஒரு கரிய நிழலுருவம் மட்டுமே தெரியும்; பின்னணியும் இருண்டிருந்தால் அதுவும் தெரியாது. வண்டி வரும் திசையில், கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாக விளக்கு நின்றால், ஓட்டுநர் பார்க்கும் பக்கமே வெளிச்சம் பெறுகிறது. முகம், மார்பு, நடக்கும் கால்கள் ஆகியவை இருண்ட சாலையிலிருந்து பிரிந்து தெரிகின்றன. இரு திசையிலும் வண்டிகள் ஓடும் சாலையில், ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக இரண்டு விளக்குகள் தேவை.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், ஓட்டுநரை நோக்கிய செங்குத்துப் பரப்பில் 20 லக்ஸ் ஒளி விழவேண்டும் என்கிறது. முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டுவதில்லை. தரையில் விழும் ஒளியை மட்டும் அளந்துவிட்டு ‘வெளிச்சம் போதும்’ என்று முடிவு செய்தால் பிழை நேரும். வண்டி ஓட்டுபவர் பார்ப்பது நிற்கும் மனிதரை.

விளக்கின் நிறத்துக்கும் பங்குண்டு. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் பல நிறங்கள் ஒன்றுபோலவே தோன்றும். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் உடையின் நிறம் பிரிந்து தெரிகிறது. கண்ணின் ஓரப் பார்வையில் அசைவும் எளிதாகப் படுகிறது. ஆனால் எல்.இ.டி. விளக்கு ஒளியைக் குறிப்பிட்ட பக்கமாகக் குவிப்பதால், அதைத் தவறான கோணத்தில் பொருத்தினால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அழுத்தமான இருள் தங்கிவிடும்.

எச்சரிக்கும் விளக்குகள்

கடப்பவரை ஒளியூட்டிக் காட்டுவது ஒரு வகை. ஓட்டுநரின் கவனத்தை அழைப்பது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1934-இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, கறுப்பும் வெள்ளையும் பூசிய கம்பங்களின் உச்சியில் மஞ்சள் நிற உருண்டைகளை வைத்து, பாதசாரிகள் கடக்கும் இடங்களை அடையாளப்படுத்தினார். இன்றும் அங்கே அவற்றுக்கு ‘பெலிஷா விளக்கு’ என்றே பெயர். சாலையில் தீட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அங்கே 1951-இல் முறையாக நடைமுறைக்கு வந்தன. அவற்றைத்தான் நாம் ஜீப்ரா கோடு என்கிறோம்.

கோடு, இது கடக்கும் இடம் என்று மட்டுமே சொல்லும். இப்போது ஒருவர் கடக்கிறார் என்று சொல்லாது. பின்னாளில் வந்த தொழில்நுட்பங்கள் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கடக்க வருபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் வேகமாக விட்டுவிட்டு மின்னும் மஞ்சள் எல்.இ.டி. பட்டைகளை நிறுவிச் சோதித்தார்கள். அதற்கு முன் அந்த இடங்களில் பாதசாரிக்கு வழிவிட்டு நின்ற ஓட்டுநர்கள் சராசரியாக 18 விழுக்காட்டினர். விளக்கு வந்த பின் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த விளக்குகள் பெரும்பாலும் சூரிய ஒளி மின்சாரத்திலேயே இயங்குகின்றன.

அதே நாட்டில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் மற்றொரு வகையை உருவாக்கியது. யாரும் இல்லாதபோது அந்த விளக்கு அணைந்தே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் முதலில் மஞ்சள் மின்னும். பிறகு நிலையான சிவப்பு எரிந்து வண்டிகளை நிறுத்தும். இதை நிறுவிய இடங்களில் பாதசாரிகள் அடிபடும் விபத்துகள் 69 விழுக்காடு குறைந்தன என்று 2010-இல் வெளியான அந்நாட்டு அரசு ஆய்வு கூறுகிறது. சாலைப் பரப்பிலேயே பதிக்கப்படும் விளக்குகளும் உண்டு. ஆனால் முன்னால் செல்லும் வண்டி அவற்றை மறைத்துவிடுவதால் பின்னால் வருபவருக்குப் பயன் குறைவு. மண்ணும் நீரும் புகுவதால் பராமரிப்பும் கடினம்.

வெளிச்சத்தோடு நேரமும் வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் 2009 முதல் நடைமுறையில் காட்டியிருக்கிறது. அங்கே முதியோரும் உடற்குறை உடையோரும் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், பச்சை மனித உருவம் சில விநாடிகள் கூடுதலாக எரிகிறது.

நம் ஊர்ச் சந்திப்புகளில் இரவு முழுதும் மின்னிக்கொண்டே இருக்கும் மஞ்சள் விளக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே சந்திப்பு உண்டு என்பதை அவை உணர்த்துகின்றன. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்னும் விளக்கை, தினமும் அவ்வழியே செல்லும் ஓட்டுநரின் மனம் நாளடைவில் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் கடக்கும்போது மட்டும் எரியும் விளக்குக்கு மதிப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்த விளக்கும் வேகத்தின் ஆபத்தை முற்றிலும் நீக்கிவிடாது. கார் மோதும் வேகம் மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ. ஆக உயரும்போது, பாதசாரி இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் அருகே வேகத்தடையும் விளக்கும் சேர்ந்தே இருக்கவேண்டும்.

நோயாளிகள் குறிப்பாக அறியவேண்டியவை

கண் பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடப்பட்டிருந்தால், அதன் விளைவு பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். சிலருக்கு மறுநாள் வரையிலும் இருக்கும். இந்த நேரத்தில் முகப்பு விளக்குகள் கடுமையாகக் கூசும். வண்டியின் தொலைவைக் கணிப்பது கடினம். தனியாகச் சாலையைக் கடக்க வேண்டாம். வண்டியும் ஓட்ட வேண்டாம்.

ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் காட்சியில் ஒரு பகுதி மறைந்துவிடும். ஆழத்தை உணரும் திறனும் குறையும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால், சாலையில் இறங்கியதும் வண்டி முதலில் வலப்புறத்திலிருந்து வரும். வலக்கண்ணில் கட்டு உள்ளவர்கள் இதனால் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தலையை முழுவதுமாகத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

கண்நீர் அழுத்த நோய் முற்றியவர்களுக்குப் பக்கப் பார்வை குறைந்திருக்கும். மூளை அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வதால் குறை இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கத்துக் காட்சி முழுவதுமாக மறைந்துவிடும். நீரிழிவு நோய்க்காக விழித்திரையில் விரிவாக லேசர் சிகிச்சை பெற்றவர்களுக்கு இரவுப் பார்வை மங்கலாம். கண்புரை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் தோன்றும். இவர்கள் எப்போது சாலையில் இறங்குவது என்பதை உடன் வருபவரே தீர்மானிக்கட்டும்.

நடை தளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெரியவர் ஒருவர் 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஏறத்தாழ 9 விநாடி ஆகும். அந்த 9 விநாடியில் 60 கி.மீ. வேக வண்டி 150 மீட்டர் வந்துவிடும். தெருவிளக்குக் கம்பங்கள் 30 மீட்டர் இடைவெளியில் உள்ள சாலையில் அது ஐந்து கம்பத் தொலைவு. ஐந்து கம்பத்துக்குள் வண்டி வந்துகொண்டிருந்தால் பொறுத்திருங்கள். ஒற்றை விளக்குடன் வருவதை இருசக்கர வண்டி என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரு விளக்கு பழுதான லாரியாகவும் அது இருக்கக்கூடும்.

உடன் வருபவர்கள் செய்யக்கூடியவை

நோயாளியின் அருகில் எந்தப் பக்கம் நடப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நடுவே தடுப்பு உள்ள சாலையில், முதல் பாதியில் நோயாளியின் வலப்பக்கத்தில் நடங்கள். தடுப்பை அடைந்ததும் நின்று, இடப்பக்கத்துக்கு மாறிக்கொண்டு, வண்டிகளைப் பார்த்து இரண்டாம் பாதியைக் கடங்கள். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் நம் சாலைகளில் உண்டு என்பதால், ஒவ்வொரு பாதியிலும் இருபுறமும் பாருங்கள்.

பகலில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கடக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இருளில் அந்தக் கை ஓட்டுநருக்குத் தெரியாமலே போகலாம். கைப்பேசியின் விளக்கை ஏற்றி, உங்கள் உடையின் மீதோ கால்களின் மீதோ படும்படி பிடியுங்கள். ஓட்டுநரின் கண்ணை நோக்கிக் காட்டினால் அவருக்குக் கூசும்; நீங்கள் மேலும் மறைந்துபோவீர்கள்.

ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டைகள் சைக்கிள் கடைகளிலும் வாகன உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். அவற்றை எங்கே அணிவது என்பதில் அறிவியல் உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல், இருளில் நடப்பவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி செய்தார். அசையும் அந்தச் சில புள்ளிகளைக் கண்டே, அது நடக்கும் மனிதர் என்பதைப் பார்த்தவர்கள் உடனே உணர்ந்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சாலைகளில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. மார்பில் மட்டும் அணிந்த பட்டையைவிட, கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவற்றில் அணிந்த பட்டைகளால் ஓட்டுநர்கள் வெகு தொலைவிலேயே மனிதரை அடையாளம் கண்டார்கள். இரண்டு கணுக்கால்களிலும் ஒவ்வொரு பட்டை கட்டுவது நல்ல தொடக்கம். ஊன்றுகோலின் கீழ்ப்பகுதியிலும், சக்கர நாற்காலியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் பட்டை ஒட்டுங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் உயரம் குறைந்து இருப்பதால், நின்றிருக்கும் வண்டிகளுக்குப் பின்னால் எளிதில் மறைந்துவிடுவார்.

முறையிடும்போது எழுதவேண்டியவை

தெருவிளக்குகளைப் பராமரிப்பது பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ‘இந்தச் சாலையில் வெளிச்சம் இல்லை’ என்று பொதுவாக எழுதும் புகாரைவிட, இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் புகாருக்குப் பலன் கூடுதல். கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் குறிப்பிடுங்கள். விளக்கு, கடக்கும் இடத்துக்கு முன்னால் உள்ளதா, மேலே உள்ளதா, அப்பால் உள்ளதா என்பதை எழுதுங்கள். இரு திசையிலிருந்தும் பார்த்தால் கடப்பவரின் முகம் தெரிகிறதா, கரிய நிழலாகத் தெரிகிறதா என்பதைச் சொல்லுங்கள். மரக்கிளையோ விளம்பரப் பலகையோ ஒளியை மறைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளையை வெட்டுவதற்குப் புதிய விளக்குக்கான நிதி வேண்டியதில்லை. ஜீப்ரா கோடு அழிந்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் கடக்கும் இடம் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

அதுவரை, சற்றுச் சுற்றிச் செல்ல நேர்ந்தாலும், உங்கள் முகம் ஓட்டுநருக்கு வெளிச்சத்தில் தெரியும் இடமாகப் பார்த்துக் கடக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வண்டி நின்றுவிட்டதை, அல்லது ஐந்து கம்பத் தொலைவுக்கு அப்பால் இருப்பதை, உறுதி செய்துகொண்ட பின்னரே காலை எடுத்து வையுங்கள்.